எண்ணிக்கை அல்ல, பெயர்கள்

வேதபாடம்: யோசுவா 4:1-7, 2 சாமுவேல் 21:10-14



நம்ம புத்தூரிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகாதவர்கள் யார்? ஆனால் மார்க்கெட் முன்னால் நிற்கிற பழைய போர் நினைவுச் சின்னத்தை எத்தனை பேர் நின்று வாசித்திருக்கிறோம்? 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 302 பேர் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு தம்பி கேட்டான்: "அந்த 41 பேர் யாரு பாஸ்டர்?" என்னிடம் பதில் இல்லை. கல்லிலும் இல்லை.

1. கல் மட்டும் போதாது

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் பன்னிரண்டு கற்களை எடுத்து வைத்தார்கள். எதற்கு? பின்னால் பிள்ளைகள் கேட்கும்போது பெரியவர்கள் பதில் சொல்வதற்கு. கேட்கப் பிள்ளை இருந்து, சொல்லப் பெரியவர் இல்லாவிட்டால் அது வெறும் கல்தான்.

2. சிதறியவர்களைச் சேர்த்தார்கள்

அந்தக் கேள்வியோடுதான் வாலிபர்களைச் சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைக்கு அழைத்துக்கொண்டு போனோம். தென்னிந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில், பராமரிக்க வழியில்லாமல் கிடந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களை ஒரே இடத்தில் அடக்கம்பண்ண 1952-ல் அதை உண்டாக்கினார்கள். 857 பேர் அங்கே இருக்கிறார்கள். முதல் உலகப்போரில் இறந்து, இந்தியாவில் பல இடங்களில் அடக்கமான ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கும் அங்கே நினைவுச் சின்னம் உண்டு. அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் கற்களில் இல்லை.

அங்கே நின்றபோது ரிஸ்பாள் ஞாபகத்துக்கு வந்தாள். மாண்டுபோன தன் பிள்ளைகளின் உடலைப் பகலில் பறவையும் இரவில் மிருகமும் தொடாதபடி, அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை பாறையின்மேல் காத்திருந்த தாய் அவள். அதைக் கேள்விப்பட்ட பிறகு தாவீது என்ன செய்தான்? சவுல், யோனத்தான் எலும்புகளையும் வரவழைத்து, எல்லாரையும் சேர்த்து அடக்கம்பண்ணுவித்தான். ஒரு தாயின் கண்ணீர் ராஜாவை அசைத்தது!

3. பெயரா, எண்ணா?

முதல் உலகப்போரில் 74,000-க்கும் அதிகமான இந்திய வீரர்கள் மாண்டார்கள். ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கைதான். எல்லாரையும் சமமாக நினைவுகூருவோம் என்று சொன்ன போர்க் கல்லறை ஆணையமே இப்படிச் செய்தது. 2021-ல்தான் இப்படிப்பட்ட பாகுபாடுகளுக்காக ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

ஒரு தாய் பெற்றது எண்ணை அல்ல, பிள்ளையை. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளை எப்படிக் கூப்பிடுகிறார்? யோவான் 10:3-ஐ வாசித்துப் பாருங்கள்.

4. வணக்கம் அல்ல, நினைவு

"கல்லறைக்குப் போறது நம்ம விசுவாசத்துக்கு ஒத்து வருமா?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். நல்ல கேள்வி. மரித்தவர்களை நோக்கி நாம் ஜெபிப்பதில்லை. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஆளுக்கு ஒரு வரிசையாக நடந்து, கல்லில் இருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தோம். வயதையும் வாசித்தோம். 20, 22 என்று வந்தபோது, அதே வயதுள்ள நம் பையன்களின் குரல் தழுதழுத்தது. கடைசியில் சமாதானத்துக்காக ஜெபித்தோம்.

பிரியமானவர்களே, இதற்குச் சென்னைவரை போக வேண்டும் என்பதில்லை. 1999 மே 29-ல் கார்கில் போரில், பட்டாலிக்கில் உயிர்விட்ட மேஜர் சரவணன் நம்ம திருச்சிக்காரர். ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் அவர் உடலை மீட்க முடிந்தது. கன்டோன்மென்ட்டில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளோடு இரண்டு நிமிஷம் நில்லுங்கள். அவர்கள் கேட்பார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

சிந்திக்க:

1. உங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர் யார்? அவர் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா?
2. நம் சபையிலும் தெருவிலும் ராணுவ வீரரை இழந்த விதவை, தாய் யாராவது உண்டா? இந்த மாதம் அவர்களைப் போய்ப் பார்ப்பீர்களா?