பழகிடும் என்று சொல்ல மாட்டேன்

அன்புள்ள தேன்மொழி,

போன வாரம் பைபாஸில் நடந்த விபத்துக்குப் பிறகு உனக்குத் தூக்கமே இல்லை என்று உன் அப்பா சொன்னான். "108 ஆம்புலன்ஸ்ல சேர்ந்து ஒரு மாசம்தானே ஆகுது, போகப்போகப் பழகிடும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்றான். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் தீயணைப்பு வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், கிணற்றில் விழுந்த ஐந்து வயதுப் பையனை எடுத்து வந்தேன். உயிர் இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. நிலையத்துக்குத் திரும்பியதும் கயிற்றையும் வலையையும் அலசிக் காயப்போட்டோம், பதிவேட்டில் எழுதினோம். அன்று மேலதிகாரி எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான்: "பழகிடும்." பழகவில்லை அம்மா. பெரியம்மா ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். குடித்தால்தான் கண் மூடும் என்ற நிலைக்கு வந்தேன். எங்களில் பலர் அப்படித்தான் தூங்கினோம். அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருந்தோம்.

ஒரு ராத்திரி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மூத்த டிரைவர் ஒருவர், "எனக்கும் ஒரு கிணறு இருக்குப்பா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. விடியும்வரை நான் பேசினேன்.

இப்படிப் பேசுவதையே ஒரு முறையாக்கியவர் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல். அவரும் தீயணைப்பு வேலையும் பாராமெடிக் வேலையும் பார்த்தவர். பெரிய சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் குழுவை உட்காரவைத்துப் பேசவைக்கும் முறையை 1983-இல் எழுதினார். பல நாடுகளுக்குப் பரவியது. பின்னால் ஆராய்ந்தபோது, ஒரே அமர்வில் எல்லாரையும் பேசவைப்பது மனக்காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் இன்று முன்வைப்பது உளவியல் முதலுதவியை: பாதுகாப்பு, ஓய்வு, சாப்பாடு, பேசத் தோன்றினால் கேட்க ஒரு ஆள். அந்த டிரைவர் செய்தது அதுதான்.

உன் ஆம்புலன்ஸை ஓட்டும் பைலட்டை மறந்துவிடாதே. பின்னால் நீ சி.பி.ஆர். கொடுக்கும்போது அவர் சாலையைப் பார்த்தபடி சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேஸை இறக்கியதும் இரண்டு பேருமாக ஒரு டீ குடியுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதே, பக்கத்தில் இரு.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பிட நேரம் கேட்பதற்குக் கூச்சப்படாதே. ஆளைப் பட்டினியாக ஓடவிட்டுவிட்டு மனவலிமை வகுப்பு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தத் துறையானாலும் ஓய்வும் போதுமான ஆட்களும்தான் முதல் மருந்து.

இப்போது உனக்கு வரும் கனவும் திடுக்கிடலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால், சைரன் கேட்டாலே உடம்பு நடுங்கினால், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார். மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. எங்கள் காலத்தில் அப்படி ஒரு எண் இல்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்தும் தூக்கம் வராத காலையில் நேரே இங்கே வந்துவிடு. திண்ணையில் பாய் விரித்திருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா