தாயான பின்னும் தளராத கைகள்

மணிப்பூரில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மேரி கோம்.

1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். அவரும் மணிப்பூர்க்காரர். அதைக் கண்டு மேரிக்கும் ஆசை பிறந்தது.

2000-ல் பயிற்சியைத் தொடங்கினார். வீட்டில் சொல்லவில்லை. அதே ஆண்டு மாநிலப் போட்டியில் வென்றார். செய்தித்தாளில் படம் வந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. முகத்தில் அடிபட்டால் மகளுக்குத் திருமணம் நடக்குமா என்று அவர் கவலைப்பட்டார்.

மேரி நிறுத்தவில்லை. 2006-க்குள் மூன்று உலகத் தங்கம் வென்றார். 2005-ல் திருமணமும் நடந்தது.

2007-ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இனி விளையாட்டு எதற்கு என்று பலர் நினைப்பார்கள். மேரி மீண்டும் பயிற்சிக்குப் போனார். கணவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்.

2008-ல் மறுபடியும் உலகத் தங்கம். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2018-ல் டெல்லியில் ஆறாவது உலகத் தங்கம். அப்போது அவர் மூன்று மகன்களின் தாய். வயது ஏறக்குறைய 36.

வயது கடந்து பயிற்சி தொடங்குவோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். பிறகு நடை, கயிறு தாண்டுதல் என்று சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

பேசுவோம்:
1. அப்பாவுக்குச் செய்தி எப்படித் தெரிந்தது?
2. மேரி திரும்பி வர வீட்டில் யார் உதவினார்?
3. உங்கள் வீட்டில் ஒரு பெண் புதிதாக ஒன்றைக் கற்க விரும்பினால், வேலையை யார் பகிர்ந்துகொள்வார்?