பூச்செடி காட்டைப் பிடித்த கதை

மாதேஸ்வரன் மலை கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. மேட்டூர், கொளத்தூர் வழியாகப் போனால் பாலாறு வரும். அதைத் தாண்டினால் மலைப்பாதை. முன்பு இந்த மலை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. மலையும் அதில் சேர்ந்தது. புலிமேல் வரும் மாதேஸ்வரனைக் கும்பிடத் தமிழ்நாட்டு மக்களும் ஏராளமாகப் போகிறார்கள்.

பாதையின் இரு பக்கமும் ஒரு புதர்ச்செடி அடர்ந்து நிற்கும். மஞ்சள், சிவப்பு, ரோஜா நிறங்களில் சின்னச் சின்னப் பூக்கள். தண்டில் முள். இலையைக் கசக்கினால் ஒரு வாடை வரும். இதுதான் உண்ணிச்செடி. நம் ஊர் வேலிகளிலும் இதைப் பார்க்கலாம்.

பார்க்க அழகான செடிதான். ஆனால் இது காட்டுக்கு என்ன செய்திருக்கிறது தெரியுமா? பல துறை விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

உண்ணிச்செடி நம் நாட்டுச் செடி அல்ல. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் இதைக் கல்கத்தாவின் தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அழகுக்காக வளர்த்தார்கள். வேலிக்காகவும் நட்டார்கள். பிறகு அது வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது.

ஒரே ஒரு முறைதான் கொண்டுவந்தார்களா? இதற்கு மரபணு ஆராய்ச்சி பதில் சொன்னது. மரபணு என்றால் என்ன? குழந்தைக்கு அம்மாவின் மூக்கு, அப்பாவின் சுருட்டை முடி வருகிறது அல்லவா? இப்படிப்பட்ட குணங்களைப் பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்குக் கொண்டுவருவது மரபணு. செடிகளுக்கும் மரபணு உண்டு. அதைச் சோதித்தால் எந்தச் செடி எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கலாம். இந்தியாவின் பல இடங்களில் உள்ள உண்ணிச்செடிகளை இப்படிச் சோதித்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. இச்செடி பல முறை, பல வகைகளாக நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. வந்த வகைகள் ஒன்றோடு ஒன்று கலந்தும் இருக்கின்றன.

எப்படிப் பரவியது?

உண்ணிப் பழம் கறுப்பாக, சிறிதாக இருக்கும். பறவைகள் அதை விரும்பித் தின்னும். பறந்துபோய் வேறு இடத்தில் எச்சமிடும். அங்கே புதுச்செடி முளைக்கும். செடியை மேலாக வெட்டினால் தூரில் இருந்து மீண்டும் துளிர்க்கும்.

மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்தில் பிலிகிரிரங்கன் மலை உள்ளது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் காட்டில் பல இடங்களைக் குறித்துவைத்துக் கணக்கெடுத்தார்கள். 1997இல் பத்து இடத்துக்கு நான்கு இடத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அதே காட்டில் பத்துக்கு எட்டு இடத்தில் இருந்தது. பதினோரு ஆண்டில் இரண்டு மடங்கு!

2020இல் இன்னொரு ஆராய்ச்சி வெளிவந்தது. இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பகுதிகளில் 1,54,000 சதுர கிலோமீட்டரில் இந்தச் செடி பரவியிருக்கிறது என்று அது சொன்னது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

யாருக்கு நட்டம்?

உண்ணிப் புதர் அடர்ந்தால் கீழே வெயில் விழாது. புல் முளைக்காது. மரக்கன்றுகள் எழும்பாது. மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி குறையும். மாடு மேய்ப்பவர்களுக்கும் கஷ்டம்.

இதன் இலை ஆடு மாடுகளுக்கு விஷம். மேய்ச்சல் இல்லாத காலத்தில் பசியால் தின்றுவிடும். ஈரல் கெடும். மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்டால் தோல் புண்ணாகும். இப்படி ஆனால் மாட்டை நிழலில் கட்டுங்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோளகர்கள் சொன்னது

இந்த மலைகளில் சோளகர் என்னும் பழங்குடி மக்கள் காலம் காலமாக வாழ்கிறார்கள். விஞ்ஞானிகள் அவர்களில் பெரியவர்களிடம் கேட்டார்கள்: "இந்தச் செடி ஏன் இவ்வளவு பெருகியது?"

முன்பு கோடையில் காட்டுத் தரையில் கிடக்கும் சருகுக்குச் சிறு தீ வைப்பார்களாம். அது தரையோடு எரிந்து அணைந்துவிடும். பெரிய மரம் தப்பிக்கும். உண்ணிக் கன்று கருகிவிடும். பிறகு சட்டம் வந்தது. தீ வைப்பதை வனத்துறை தடுத்தது. அதன்பின்தான் செடி பெருகியது என்றார்கள் பெரியவர்கள்.

படிக்காதவர் பேச்சு என்று விஞ்ஞானிகள் இதைத் தள்ளிவிடவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள்.

ஆனால் இன்று தீ வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. இப்போது புதர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அது பற்றினால் தீ மரத்தின்மேல் ஏறும். காடே அழியும். எரிந்த உண்ணி தூரில் இருந்து மறுபடி துளிர்க்கும். காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

செடியே பிழைப்பானது

சோளகர்களில் பலர் மூங்கில் கூடை பின்னிப் பிழைத்தவர்கள். மூங்கில் கிடைப்பது அரிதானது. பெங்களூரில் 'ஏட்ரீ' என்ற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அது மாதேஸ்வரன் மலையில் ஒரு தொழிலைச் சொல்லித் தந்தது. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் இது தொடங்கியது. உண்ணிக் குச்சியை வெட்டி, தண்ணீரில் வேகவைத்து, பட்டையை உரிப்பார்கள். வெந்த குச்சி வளையும். அதில் நாற்காலி, மேசை, கூடை செய்வார்கள். காசு கொடுத்து மூங்கில் வாங்க வேண்டியதில்லை. மூலப்பொருள் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் பழங்குடி மக்கள் உண்ணிக் குச்சியால் ஆளுயர யானைகளே செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாற்காலிக்கு வேண்டியது கொஞ்சம் குச்சி. காட்டில் இருப்பதோ மலை மலையாக. கைத்தொழில் குடும்பத்துக்கு வருமானம் தரும். அதனால் மட்டும் காடு மீளாது. செடியை முறையாக எடுக்கவும் வேண்டும்.

எடுக்கும் முறை

தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய முறையைக் கண்டார்கள். உங்கள் நிலத்திலும் இதைச் செய்யலாம்.

1. தண்டை மேலே வெட்டாதீர்கள். மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அளவில் வேரை வெட்டுங்கள்.
2. வெட்டிய செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். அது அப்படியே காயும். மறுபடி வேர் விடாது.
3. பழம் பழுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.
4. பறவைகள் உட்காரும் மரத்தடியில் கன்று முளைக்கும். மழைக்குப் பின் அதைப் பிடுங்குங்கள்.
5. காலியான இடத்தில் புல்லும் நம் ஊர் மரங்களும் வளர்க்க வேண்டும். சும்மா விட்டால் உண்ணி திரும்பி வரும்.

இது ஒரு நாள் வேலை அல்ல. சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். வனத்துறைக் காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் வெட்டக் கூடாது. கிராம சபையில் பேசி, வனத்துறையுடன் சேர்ந்து செய்யலாம்.

பேசிப் பார்ப்போம்

* உங்கள் ஊரில் உண்ணிச்செடி எங்கே இருக்கிறது? அங்கே முன்பு என்ன வளர்ந்தது? ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.
* வெளியில் இருந்து வந்து பரவிய வேறு செடிகள் எவை?
* மேலாக வெட்டிய உண்ணி ஏன் மறுபடி துளிர்க்கிறது?
* அழகாக இருக்கிறது என்று ஒரு செடியை வாங்கும்முன் எதை விசாரிக்க வேண்டும்?