திடீரெனத் தளரும் கணினி: காரணம் காணும் நெறி

விழா மலரிலே தமிழாசிரியர் எழுதும் கட்டுரை இலக்கியம் பற்றியதாக இருத்தல் மரபு. அம்மரபினின்றும் சிறிது விலகி, மேசைக் கணினியிலே விளையாடும் மாணவர்க்கு நேரும் ஓர் இடரையும் அதனைத் தீர்க்கும் நெறியையும் ஈண்டு எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் லயங்களிலும் கடைத்தெரு வீடுகளிலும் இன்று கணினி வைத்திருக்கும் மாணாக்கர் உளர். கொழும்பிலே கடையில் நின்று உழைக்கும் தமையன் அனுப்பிய பணத்தாலோ, தாய் கட்டிய சீட்டுப் பணத்தாலோ வந்த பொருள் அது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் என 2024ஆம் ஆண்டு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கிலே இருபது நாள் கொழுந்து பறித்தால் 27,000 ரூபாய் ஆகும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய விளையாட்டு இன்று தட்டுத் தடுமாறுகின்றது. "கிராபிக்ஸ் அட்டை பழுது; புதியது வாங்கவேண்டும்" என்கின்றான் மகன். அதன் விலையோ சில மாத உழைப்பு. கடன்பட்டு வாங்கிப் பொருத்திய பின்னும் தளர்ச்சி தீராதாயின் அவ்வீட்டின் இழப்பை ஈடு செய்வார் யார்? காசை எடுக்குமுன் காரணத்தைக் காணவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பது. நோய் இன்னதெனத் தெளிதல், அது தோன்றிய காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியைத் தேர்தல், அவ்வழியைப் பிழையின்றிச் செய்தல் என்னும் வரிசையை வள்ளுவர் ஆண்டு வகுத்துக் காட்டுவர். மனிதவுடலுக்கு உரைத்த அவ்வரிசை இயந்திரத்துக்கும் முற்றும் பொருந்தும். அவ்வழியே யாமும் செல்வோம்.

1. நோய் இன்னதெனத் தெளிதல்

கணினித் திரையிலே காணும் அசைவு, அடுத்தடுத்துத் தோன்றும் அசையாப் படங்களின் தொடரேயாம். திரைப்படத்திலே வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. விளையாட்டிலே வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடியில் கணினி வரைந்து முடித்தல் வேண்டும். ஒரு படத்துக்கு 33.3 மில்லிவினாடி செல்லுமாயின் 60 என்பது 30 ஆகிவிடும். கண் அதனைத் தளர்ச்சியென உணரும். விண்டோஸில் உள்ள எக்ஸ்பாக்ஸ் கேம் பார், ஸ்டீம் முதலியன இவ்வெண்ணைத் திரையின் மூலையிலே காட்டவல்லன. "மெதுவாக ஓடுகிறது" என்பது முறைப்பாடு; "நேற்று 60, இன்று 22" என்பது அளவை. அளவையின்றி ஆராய்ச்சி இல்லை.

இனி, தளர்ச்சி இருவகைப்படும். படங்களின் எண்ணிக்கை குறைதல் ஒன்று. இணையவழிச் செய்தி தாமதித்து வருதல் மற்றொன்று. மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளிலே தொலைபேசிச் சமிக்ஞை மெலிந்தால், படம் வழுவழுவென ஓடும்போதே எதிராளி ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்துக்குத் தாவுவான். சுட்ட குண்டு காலந்தாழ்த்துப் படும். இந்நோய்க்குக் கிராபிக்ஸ் அட்டை மருந்தன்று. இணையம் வேண்டாத விளையாட்டொன்றை ஓட்டிப் பார்க்க. அதுவும் தளருமாயின் நோய் கணினியினுள்ளே உளது. தளராதாயின் இணைப்பிலே உளது.

2. காரணத்தை ஆராய்தல்

திடீரென வந்த நோய்க்குத் திடீரென நேர்ந்த ஒரு மாற்றமே பெரும்பாலும் காரணமாகும். ஆதலின், "எந்த உறுப்புப் பழுது?" என்று கேட்குமுன், "நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது யாது?" என்று கேட்டல் வேண்டும். மாற்றங்களை ஐவகையாகப் பிரித்துக் காண்பாம்.

முதலாவது, மென்பொருட் புதுப்பிப்பு. நாம் உறங்கும்போதே கணினி தன்னைத் தான் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் விளையாட்டுத் தளர்ந்தமைக்கு உலகறிந்த சான்றுகள் உள. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்னும் டிரைவர் சில அட்டைகளின் மின்விசிறியைச் சரிவர இயக்காது வெப்பத்தை ஏற்றியமையால் மீளப் பெறப்பட்டது. 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது ஏ.எம்.டி. ரைசன் செயலிகளின் உள்நினைவகம் தாமதமுற்றது. சில போட்டி விளையாட்டுக்கள் 10 முதல் 15 வீதம் வரை தளரக்கூடும் என அந்நிறுவனமே அறிவித்தது. அம்மாதத்துள்ளேயே திருத்தமும் வந்தது. 2025 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பின் பின் சில விளையாட்டுக்கள் தளர்ந்தமையால், நவம்பரில் என்விடியா 581.94 என்னும் அவசரத் திருத்த டிரைவரை வெளியிட்டது. இம்மூன்று வேளையிலும் பழுதுற்ற அட்டை எனக் கருதிப் புதிது வாங்கியோர் இருப்பின், அவர் செலவிட்டது வீணேயாகும். விண்டோஸின் அமைப்புகளிலே புதுப்பிப்பு வரலாறு என்னும் பகுதி திகதியோடு அனைத்தையும் காட்டும். தளர்ச்சி தொடங்கிய நாளோடு அத்திகதியை ஒப்பிடுக.

இரண்டாவது, வெப்பம். "எம்மூர் குளிர்நாடாயிற்றே, கணினிக்கு வெப்பம் ஏது?" என வினவுவர். வெளிக்காற்றின் குளிர் பெட்டியினுள்ளே புகுந்தாலன்றிப் பயனில்லை. குளிருக்கு அஞ்சி யன்னலை அடைத்து, கணினியை அலுமாரியின் தட்டிலே செருகி, மேலே துணியும் போர்த்தும் வீடுகள் பல. விறகடுப்புப் புகையின் கரி, கம்பளியின் நூற்றுகள், மூடுபனியின் ஈரம் ஆகிய மூன்றும் கூடி, வெப்பங்கடத்தும் உலோகத் தகடுகளின் இடையே களிபோலப் படியும். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியிலே கொழுந்து வாட்டுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். விசிறி எத்துணை வேகமாகச் சுழலினும், காற்றுச் செல்லும் வழி அடைபட்டால் கொழுந்து வாடாது. அங்ஙனமே வழி அடைபட்டால் கணினியும் குளிராது.

வெப்பம் மிகுந்தால் செயலி எரிந்துபோகாவண்ணம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல்லின் மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றில் இவ்வெல்லை 100 பாகை செல்சியசு அளவில் உளது. செங்குத்தான படியிலே கொழுந்துக் கூடையோடு ஏறுபவர் மூச்சு வாங்கும்போது நடையைத் தளர்த்துவதை ஒக்கும் இது. விளையாட்டுத் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னரே தளருமாயின், முதலில் வெப்பத்தையே ஐயுறுக. விசிறி ஒன்று நின்றுவிட்டதா என்பதையும் கண்ணாற் பார்க்க.

மூன்றாவது, மறைவான வேலை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். விளையாட்டு ஓடாதபோதும் செயலியோ கிராபிக்ஸ் அட்டையோ ஓயாது உழைக்குமாயின், வேறொருவருக்காக அது உழைக்கின்றது எனக் கொள்ளலாம். 2013 ஏப்பிரலிலே ஈ.எஸ்.ஈ.ஏ. என்னும் அமெரிக்க விளையாட்டுப் போட்டி நிறுவனத்தின் மென்பொருளிலே, விளையாடுவோரின் அட்டைகளைக் கொண்டு பிற்கொயின் நாணயம் திரட்டும் கட்டளைகள் மறைக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. ஏறத்தாழ 14,000 கணினிகள் அதற்கு இரையாயின. காசு கொடாது பெற்ற கள்ளப்பிரதி விளையாட்டுக்களோடு இத்தகைய ஒட்டுண்ணிகள் வருதல் இன்றும் உண்டு. மாணாக்கர் இதனை நன்கு மனங்கொள்க.

நான்காவது, மின்தடையால் அழியும் அமைப்பு. எம் பள்ளத்தாக்கிற் பெய்யும் மழை கெசல்கமு ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைந்து விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்குகின்றது. நாட்டுக்கு மின் தரும் நீர் எம்மிடத்திலிருந்து போயினும், மின்தடைக்கு யாம் விலக்கல்லேம். 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்திலே குரங்கொன்று புகுந்ததால் நாடே இருண்டது என அமைச்சர் கூறினார். கணினியின் தாய்ப்பலகையிலே நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலம் ஒன்று உண்டு. சுவரிலிருந்து மின் வராதபோது நேரத்தைக் காத்து வைத்திருப்பது அதுவே. அம்மின்கலம் வலுவிழந்திருப்பின், மின் தடைப்படுந்தோறும் பயாஸ் அமைப்பும் ஆதிநிலைக்குத் திரும்பக்கூடும். அப்போது 3,200 என ஓடிய டி.டி.ஆர். 4 ரேம் 2,133 அல்லது 2,400 என இறங்கி ஓடும். கணினியின் கடிகாரம் பழைய திகதியைக் காட்டுதல் இந்நோயின் குறி. இதற்கு மருந்து, கடிகாரக் கடையிலே மலிவாகக் கிடைக்கும் சி.ஆர். 2032 மின்கலமும், பயாஸிலே ரேமின் வேகத்தை மீள அமைத்தலுமேயாம்.

ஐந்தாவது, இடமாற்றம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சுவருக்கு வெள்ளையடிக்கும்போது கணினியைக் கழற்றி மீளப் பொருத்துவர். அவ்வேளை திரையின் கம்பியைக் கிராபிக்ஸ் அட்டையிற் செருகாது தாய்ப்பலகையின் துளையிற் செருகிவிட்டால், விலைகொடுத்து வாங்கிய அட்டை வாளாவிருக்க, செயலியோடு சேர்ந்த சிறு வரைவுப் பகுதியே முழுச் சுமையையும் தாங்கும். முச்சக்கரவண்டியிலே தோட்டத்துப் பாதையிற் குலுங்கி வந்த கணினியில் இரண்டு ரேம் துண்டுகளுள் ஒன்று தளர்ந்துவிடுதலும் உண்டு. 16 கிகாபைற்று இருந்தவிடத்தில் 8 எனக் காட்டுமாயின் காரணம் வெளிப்படை.

3. தணிக்கும் வழியைத் தேர்தல்

விளையாட்டு ஓடும்போது கிராபிக்ஸ் அட்டையின் உழைப்பு, செயலியின் உழைப்பு, இரண்டின் வெப்பம், இரண்டின் வேகம் ஆகியவற்றை நோக்குக. வெப்பம் ஏற ஏற வேகம் இறங்குமாயின் காற்றுவழியைச் சீர்செய்க. அட்டை முழு அளவில் உழைத்தும், வெப்பம் அடங்கியிருந்தும், எண்ணிக்கை குறையுமாயின், விளையாட்டின் புதுப்பிப்பு நிழல், ஒளி முதலிய அமைப்புகளை உயர்த்திவிட்டதா எனப் பார்க்க. அட்டை பாதி ஓய்ந்திருக்கச் செயலியின் ஓர் உட்கரு மட்டும் முழுதும் உழைக்குமாயின் தடை செயலியிலே உளது; புதிய அட்டை அதனைத் தீர்க்காது. இரண்டும் ஓய்ந்திருக்க ஆட்டம் விட்டுவிட்டு நிற்குமாயின், வன்தட்டு நிரம்பியதா, பழுதுறுகின்றதா என ஆராய்க. அத்தகைய வேளையில் பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் முதலிற் படியெடுத்து வைத்தல் கடன்.

மின்வழங்கி நலிந்தால் கணினி பெரும்பாலும் தளராது. திடீரென அணையும், அல்லது தானே மீளத் தொடங்கும். ஆதலின் வெறுந் தளர்ச்சிக்கு முதலில் மின்வழங்கியை மாற்றுதல் முறையன்று.

செலவற்ற மருந்து முதலிலும், சிறு செலவு பின்னரும், பெருஞ்செலவு இறுதியிலும் வருக. கணினியை அணைத்து மீள இயக்குதல், கம்பியைப் பார்த்தல், மறைவேலையை நிறுத்துதல், டிரைவரை முந்திய நிலைக்குத் திருப்புதல் ஆகியவற்றுக்குச் சதமும் வேண்டாம். டிரைவரைத் திருப்பும் வசதி டிவைஸ் மனேஜரிலேயே உண்டு; பல நூறு மெகாபைற்று டேட்டாவைச் செலவிட்டுப் புதியதை இறக்குமுன் இதனைச் செய்து பார்த்தல் நன்று. தூசு தட்டும் தூரிகை, வெப்பப் பசை, நாணய மின்கலம் ஆகியவை சிறு செலவின. புதிய அட்டை என்பது, மற்றொருவரின் கணினியிலே எம் அட்டையைப் பொருத்தி அங்கும் அது தளர்வதைக் கண்ட பின்னரே எண்ணத்தக்கது.

4. பிழையின்றிச் செய்தல்

ஒருநேரத்தில் ஒரு மாற்றமே செய்க. மூன்றை ஒருங்கே செய்து நோய் தீர்ந்தால், தீர்த்தது எது என்பது தெரியாது; மறுமுறை அந்நோய் வரும்போது மீண்டும் இருளிலே துழாவ நேரும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதே விளையாட்டின் அதே காட்சியை ஓட்டி எண்ணை அளந்து, திகதியோடு அப்பியாசக் கொப்பியிலே குறித்து வைக்க. பெட்டியைத் திறக்குமுன் மின்செருகியைச் சுவரினின்றும் கழற்றுக. தூசு தட்டும்போது விசிறி சுழலாவண்ணம் விரலாற் பிடித்துக்கொள்க. ஈரத்துணி ஒருபோதும் ஆகாது. மின்வழங்கியின் உட்பெட்டியைத் திறத்தல் உயிருக்கு இடர். அதனைத் தொடவே வேண்டாம்.

அவ்வதிகாரத்தின் இறுதியிலே வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநிற்போர் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை உரைப்பர். நோயுற்ற கணினியும் ஆராயும் மாணவனும் சிறு கருவிகளும் அமைந்தவிடத்து, நான்காங் கூறாகத் துணைநிற்போர் வேண்டும். பெற்றோர் விளையாட்டை வெறுத்துக் கணினியைத் தள்ளிவிடாது, மகனோ மகளோ கொப்பியும் கையுமாகக் காரணம் தேடுவதைப் படிப்பின் ஒரு பகுதியாகக் கருதுவாராக. பழைய மாணவர் சிலர் இத்துறையிலே தொழில் புரிகின்றனர். புதிய கணினிகளை நன்கொடையாக அளித்தலோடு, நல்ல நிலையிலுள்ள உதிரி ரேம் துண்டு, மின்வழங்கி, பழைய கிராபிக்ஸ் அட்டை ஆகியவற்றைக் கல்லூரிக் கணினி அறைக்கு அவர் அளிப்பாராயின், ஐயுற்ற உறுப்பை மாற்றிப் பார்த்துத் தெளிய மாணவர்க்கு வழி பிறக்கும். அதனால் எத்தனையோ வீடுகளின் சீட்டுப் பணம் காக்கப்படும்.

விளையாட்டின்பொருட்டுக் கற்ற இந்நெறி விளையாட்டோடு நில்லாது. அளந்து அறிதல், மாறியதைக் கேட்டல், ஒன்றொன்றாகச் சோதித்தல், கண்டதை எழுதிவைத்தல் ஆகிய நான்கும் கைவந்த மாணவன், நாளை மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ வகுப்பறையிலோ எங்கு நிற்பினும், ஆராயாது பிறர்மேற் பழி சுமத்தான். காரணம் காணாது காசையும் இழவான். இவ்விழாக் காலத்திலே எம் மாணாக்கர் அந்நெறியிற் சிறந்து விளங்குக என வாழ்த்துகின்றோம்.