ஒப்புக்கொடுத்த பிறகும் போன் செய்யலாம்

அன்புள்ள அக்கா,

கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் ஏறி சத்தீஸ்கருக்குப் போன மகனை ராத்திரி ஜெபத்தில் ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டுப் படுக்கிறீர்கள். படுத்தவர் எழுந்துபோய், லைன் கிடைக்கும்வரை அவன் நம்பரை அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள். "ஒப்புக்கொடுத்த பிறகும் கவலைப்பட்டால் அது விசுவாசக் குறைவு" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டாராம். எனக்கு அது ஒப்பவில்லை.

உங்கள் மலையிலேயே வாழவந்தியில் இருக்கிற இரண்டு கல்லறைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியுடையவை. 1913-இல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்த கையோடு மழையில் மலையேறியவர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸும் அப்போது ஏது? நடை, இல்லாவிட்டால் டோலி. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் ராத்தங்கவே தயங்கிய இடம். ஜெஸி லண்டனில் ஓராண்டு வைத்தியம் படித்திருந்தார், அவ்வளவுதான். பல் பிடுங்குவார், காலில் தலைநீட்டும் நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்குக் கொஞ்சமாக இழுத்தெடுப்பார்.

வருஷக்கணக்கில் யாரும் அவர்கள் வேதத்தில் சேரவில்லை. எதிர்ப்பில் முன்னால் நின்றவர் ஒரு கோயில் பூசாரி. முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலில் அவரும் விழுந்தார். ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. கஞ்சியோடு போனவர்கள் பிராண்ட் தம்பதிதான். சாகும் தறுவாயில் அந்தத் தகப்பன் தன் பிள்ளைகளை ஜெஸியின் பொறுப்பில் விட்டார். அதில் கைக்குழந்தையாக இருந்த பெண்ணை ரூத் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்தார்கள். ஒப்புக்கொடுப்பது என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இந்தப் பூசாரி. ஜெபக்கூட்டம் எதற்கும் அவர் போனதில்லை. பிள்ளைகளைக் கைவிடாத ஆள் யார் என்று பார்த்தார், கொடுத்தார். சிலுவையில் தொங்கிய இயேசுவும் தாயை ஒரு சீடன் வீட்டில்தானே சேர்த்தார்?

பிராண்ட் தம்பதிக்கும் பிள்ளைகளை இன்னொருவர் பொறுப்பில் விடும் நாள் வந்தது. 1914-இல் பிறந்த மகன் பாலையும் தங்கை கானியையும் 1923-இல் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். படிப்புக்காகப் பிள்ளைகளை லண்டனில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். அந்தக் கால மிஷனரிகள் பலர் செய்ததுதான். ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளையை விட்டு வந்ததை என்னால் முழுமனதாக மெச்ச முடியவில்லை. அது கிடக்கட்டும். விட்டு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மலையிலிருந்து கடிதம் போய்க்கொண்டே இருந்தது. மரம், பூச்சி, பறவை என்று அன்றன்று கண்டதையெல்லாம் ஜெஸி மகனுக்கு எழுதுவார். வேதத்தில் அன்னாள் இல்லையா? சாமுவேலை ஆலயத்துக்கென்றே கொடுத்துவிட்டவள், வருஷா வருஷம் அவனுக்குச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று வீட்டில் உட்கார்ந்து அளவு யோசிக்காமல் எப்படித் தைத்திருப்பாள்? அவளை யாரும் விசுவாசம் குறைந்தவள் என்று சொல்லவில்லை.

1929 ஜூனில் ஜெஸிக்குப் பிளாக்வாட்டர் ஃபீவர் கண்டது. மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல். 44 வயதில் போய்விட்டார். பதினைந்து வயது ஆகப்போகிற மகனுக்குத் தந்தி உடனே போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் அல்லவா வரும்? செத்த செய்திக்குப் பிறகும் சில வாரங்கள் அப்பாவின் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிறகு எவலின் இங்கிலாந்து போனபோது, கப்பலிலிருந்து இறங்கிய கூனிய கிழவி தன் அம்மாதான் என்று நம்பவே பாலுக்குக் கஷ்டமாக இருந்ததாம். அவருக்கு அப்போது ஐம்பதுதான்.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஒப்புக்கொடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சாட்சி சொல்லும்போது பேசிவிடுகிறோம். அந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. பால் பிற்பாடு டாக்டராகி, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையில் நிமிர்த்தியவர்களில் உலகம் அறிந்த பெயரானார் என்பது உண்மை. ஜெஸியின் சாவுக்கு அதைக் கூலியாகக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கெத்செமனேயில் இயேசுவே ஒரே வேண்டுதலை மூன்று முறை கேட்டார். பிதாவின் சித்தப்படி ஆகட்டும் என்று சொன்னவர்தான், திரும்பத் திரும்ப எழுந்துபோய்க் கேட்டார். நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்?

எவலினுக்கு வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபோது அவர் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். கல்வராயன் மலை, பச்சைமலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். கால் தளர்ந்ததும் இரண்டு மூங்கில் கம்பு ஊன்றி நடந்தார். விழுந்து அடிபட்டது எத்தனையோ தடவை. கீழே வந்துவிடுங்கள் என்று மகன் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் மகனை விட்டுவிட்டு வந்த தாயை, இப்போது மகன் மலையில் விட்டுவிட்டு வேலூரில் இருக்க வேண்டியிருந்தது. 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் போன் எடுக்காவிட்டால் கூப்பிட இன்னொரு நம்பர் வேண்டும். வண்டி மேனேஜர் நம்பரையும் திருச்செங்கோட்டு ஆபீஸ் நம்பரையும் நோட்டில் எழுதி வாங்கி வையுங்கள். ஊரிலிருந்து அந்தப் பக்கம் ஆள் போனால் சாமை மாவும் ஒரு கம்பளியும் கொடுத்தனுப்புங்கள். ஜெபத்தில் அவனோடு அந்த மேனேஜரையும் டிரைவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அவனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள்தான். மகன் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள், அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டு ஜெபத்திலும் அவனுக்காகக் கேட்கிறோம்.

அன்புடன்,
உங்கள் தம்பி