கொல்லிமலையில் 5 வாட் வானொலி

வீட்டு வராண்டாவில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்புக்கு 5 வாட் போதும். அதே 5 வாட்டை ஒரு கம்பியில் செலுத்தி, செல்போன் டவரும் இண்டர்நெட்டும் இல்லாமல் ஜப்பானில் உள்ள ஒருவரோடு தகவல் பரிமாற முடியுமா? முடியும். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. குறைந்த சக்தியில் இயக்குவதை க்யூ.ஆர்.பி. என்பார்கள். மோர்ஸுக்கு 5 வாட், பேச்சுக்கு 10 வாட் என்பது வழக்கத்தில் உள்ள எல்லை.

விடுமுறைக்குக் கொல்லிமலை செல்லும்போதெல்லாம் லேப்டாப்புடன் ஒரு சிறிய டிரான்ஸீவரையும் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் பல இடங்களில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஹாம் ரேடியோவுக்கு அதுவே வசதி. நகரத்தில் எல்.இ.டி. பல்புகளும், சார்ஜர்களும், இன்வெர்ட்டர்களும் கிளப்பும் இரைச்சல் மலையில் மிகக் குறைவு. தொலைதூரத்து மெல்லிய சிக்னல்கூடக் காதில் விழும்.

முதலில் உரிமம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புக் கருவியை வைத்திருப்பதே சட்டப்படி தவறு. உரிமத்தில் ஒரு முகவரி குறிக்கப்பட்டிருக்கும். வேறு இடத்திலிருந்து இயக்குவதற்கான விதிகளைக் கிளம்பும் முன்பே படித்து, தெரிவிக்க வேண்டியதை எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். கடிதத்தின் நகலும் உரிமத்தின் நகலும் பையில் இருக்கட்டும். மரத்தில் கம்பி கட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து யாராவது கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

100 வாட்டுக்குப் பதில் 5 வாட் என்றால் இருபதில் ஒரு பங்கு. ஆனால் டெசிபல் கணக்கில் குறைவது 13 மட்டுமே. கேட்பவரின் எஸ்-மீட்டரில் ஒரு எஸ் என்பது 6 டெசிபல். ஆக முள் இரண்டு எஸ் அளவு மட்டும் இறங்கும். நல்ல ஆன்டெனா இருந்தால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடலாம்.

ஆன்டெனாவுக்கு டைபோல் போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர், அதாவது பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர். 14.1-க்கு அதில் பாதி. கொல்லிமலையில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்குக் குறைவில்லை. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கல் கட்டிய நைலான் கயிற்றைக் கிளையில் எறிந்து கம்பியின் நடுப்பகுதியை மேலே இழுத்து, இரு முனைகளையும் கூடாரம் போல் கீழே இறக்கிக் கட்டிவிடலாம். காப்புக்காட்டுக்குள் இந்த வேலை வேண்டாம். இடி மின்னல் தெரிந்தால் உடனே ஆன்டெனாவைக் கழற்றி இறக்கிவிடுங்கள்.

7 மெகாஹெர்ட்ஸில் கம்பி தாழ்வாக இருந்தால் சிக்னல் செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு 300, 400 கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். பகலில் சென்னை, கோவை, பெங்களூரோடு பேச இதுவே ஏற்றது. கையடக்க வி.எச்.எஃப். செட்டுக்கு உயரம்தான் முக்கியம். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். சமவெளியிலிருந்து 1000 மீட்டர் மேலே நின்றால் 130 கிலோமீட்டர். சேலமும் திருச்சியும் இதற்குள் அடங்கும். ஆனால் செம்மேடு மலையின் உள்பகுதியில் இருப்பதால், சீக்குப்பாறை போன்ற விளிம்பில் உள்ள காட்சி முனைக்குப் போனால்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

இனி கம்ப்யூட்டர் வேலை

5 வாட்டை உலகம் முழுக்கக் கொண்டுசெல்வது எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை. 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கும் 2017-இல் இதை உருவாக்கினார்கள். இரைச்சலைவிட 20 டெசிபல் கீழே புதைந்துகிடக்கும் சிக்னலையும் கம்ப்யூட்டர் பிரித்துப் படித்துவிடும். நம் காதுக்கு அங்கே ஏதோ இருப்பதே தெரியாது. இதற்கான டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மென்பொருள் இலவசம். பழைய லேப்டாப்பே போதும். மலைக்குப் போகும் முன்பே வீட்டில் டவுன்லோட் செய்து நிறுவிவிடுங்கள்.

ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, ஜெனரல் பகுதியில் உங்கள் அழைப்புக்குறியையும் கிரிட் எண்ணையும் கொடுங்கள். ரேடியோ பகுதியில் உங்கள் செட்டையும், ஆடியோ பகுதியில் சவுண்ட் கார்டையும் தேர்வு செய்யுங்கள். திரையின் இடது மூலையில் உள்ள மீட்டர் இரைச்சல் மட்டும் இருக்கும்போது 30 டெசிபல் அளவில் நிற்க வேண்டும்.

கிரிட் எண் என்பது பூமியைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைச் சொல்லும் முறை. கொல்லிமலை ஏறத்தாழ கிழக்கு 78.35, வடக்கு 11.25 பாகை. தீர்க்கரேகையோடு 180 கூட்டினால் 258.35. அதை 20-ஆல் வகுத்தால் ஈவு 12. 'ஏ' எழுத்தை 0 என்று எண்ணத் தொடங்கினால் 12 என்பது 'எம்'. மீதி 18.35-ஐ 2-ஆல் வகுத்தால் 9. அட்சரேகையோடு 90 கூட்டினால் 101.25. 10-ஆல் வகுத்தால் ஈவு 10, அதாவது 'கே', மீதி 1. ஆக எம்.கே.91. நாமக்கல்லும் சேலமும் இதே கட்டம்தான். திருச்சி எம்.கே.90, சென்னை என்.கே.03. உங்கள் ஊருக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கடிகாரம். பலரும் தடுமாறுவது இங்கேதான். எஃப்.டி.8-இல் எல்லோரும் 0, 15, 30, 45 ஆகிய வினாடிகளில் அனுப்பத் தொடங்குகிறார்கள். ஒவ்வோர் அனுப்பலும் 12.64 வினாடி. உங்கள் லேப்டாப் கடிகாரம் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். வீட்டில் விண்டோஸ் இண்டர்நெட் மூலம் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். மலையில் அது நடக்காது. யு.எஸ்.பி.யில் செருகும் ஜி.பி.எஸ். ரிசீவர் நல்ல தீர்வு. அது இல்லையென்றால் திரையில் 'டி.டி.' என்ற பத்தியைக் கவனியுங்கள். வரும் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 1.2 என்றே காட்டினால் பிழை அவர்களிடம் இல்லை, உங்கள் கடிகாரத்தில்தான். அந்த அளவு திருத்திவிட்டால் எண்கள் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும்.

செட்டை 14.074 மெகாஹெர்ட்ஸில், யு.எஸ்.பி. நிலையில் வையுங்கள். இது லேப்டாப்பின் யு.எஸ்.பி. அல்ல, மேல் பக்கப் பட்டை! மாலையில் கீழ்த்திசை நாடுகளும் ஐரோப்பாவும் திரையில் வரிசையாக இறங்குவதைப் பார்ப்பதே ஒரு விருந்து. ஒரு வரியை இரண்டு முறை கிளிக் செய்தால் அழைப்பு போகும். கிரிட், சிக்னல் அளவு, நன்றி என்று முழுத் தொடர்பும் சுமார் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சு இல்லாததால் இது வறட்சியான முறை என்று மூத்த ஹாம்கள் சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. எனவே நான் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் பேச்சு, மாலையில் எஃப்.டி.8 என்று பிரித்துக்கொள்கிறேன்.

பேட்டரிக் கணக்கும் எளிது. சிறிய செட் கேட்கும்போது அரை ஆம்பியர், அனுப்பும்போது 2 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரம் அனுப்பினால் சராசரி 1.25. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 6 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கரை மணி நேரம் தாங்கும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு மட்டும்தானா? 2004 டிசம்பரில், பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி ஒலிக்காத அந்தமானுக்கு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் சென்றது. உலகெங்கும் உள்ள ஹாம்களோடு தொடர்பு கொள்வதே நோக்கம். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இருந்த அந்தக் குழு நிலையம் அப்படியே அவசரச் செய்தித் தொடர்பு நிலையமாக மாறியது. தீவுகளில் இருப்பவர்களின் நலனை உறவினர்களுக்குச் சொல்ல அது பயன்பட்டது. கம்பி கட்டுவதும் பேட்டரியில் ஓட்டுவதும் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்த வேலை.

இதே பையை வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு எடுத்துச் செல்ல நினைத்தால், இந்திய உரிமம் மட்டும் போதாது. அந்த நாட்டு அமைப்பிடம் முன்பே அனுமதி பெற வேண்டும். இலங்கையில் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. செட்டின் ரசீதையும் உடன் கொண்டுசெல்லுங்கள். திரும்பி வரும்போது சுங்கத்தில் காட்ட உதவும்.

உரிமம் இல்லாதவர்களும் இன்றே தொடங்கலாம். நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் 2008 முதல் இருக்கும் வெப்.எஸ்.டி.ஆர். தளத்தைப் பிரவுசரில் திறந்தால், அங்குள்ள ரிசீவரை நீங்களே திருப்பிக் கேட்கலாம். அதில் 14.074 வைத்து, அந்த ஒலியை விர்ச்சுவல் ஆடியோ கேபிள் மென்பொருள் வழியாக டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒலி இண்டர்நெட் வழியாக வருவதால் 'டி.டி.' எண்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அதற்காகக் கடிகாரத்தைத் தொட வேண்டாம்.