சத்தம் கேட்கிறது, கதை விளங்கவில்லை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. "அப்பாவுக்கு ரெண்டு காதுக்கும் மிசின் வாங்கிக் குடுத்தாச்சு. இன்னும் 'ஆ? ஆ?' எண்டுதான் கேக்கிறார். வேணுமெண்டு செய்யிறாரோ?" என்று எழுதியிருக்கிறாய். வேணுமென்று செய்கிற மனுசன் என்றால் உன் சின்ன வயசிலேயே செய்திருப்பார். நீ அப்போது கேட்ட கேள்விகளுக்கு யாருக்கும் காது அடைத்திருக்கும்.

மிசின் சத்தத்தைப் பெருக்கும், கொஞ்சம் திருத்தியும் கொடுக்கும். சத்தத்தைச் சொல்லாக்கும் வேலை தலைக்குரியது. அப்பாவின் காது வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் வயசு போன காது. 2009 யுத்தத்தில் அதற்குக் கிட்ட என்னவெல்லாம் வெடித்தது என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. சத்தத்தை நரம்புக்குக் கொடுக்கும் உள் மயிர்க்கலங்கள் ஒரு காதில் ஏறத்தாழ 3,500 தான். செத்தவை திரும்ப முளைப்பதில்லை. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், தலைக்குப் போய்ச் சேருவது அங்கங்கே தேய்ந்த சத்தம்தான்.

நீ வாடிக்குள் குனிந்து வலை பொத்திக்கொண்டு, "நாளைக்குப் பாடு எங்கட, சின்னவன் வரமாட்டான், நீங்கள் வெள்ளன எழும்புங்கோ" என்று சொல்கிறாய் என்று வை. முதல் மெய்யெழுத்து காற்றோடு போய்விட்டது, அவருக்கு விழுந்தது "ஆடு" மட்டும். பாடா, காடா, மாடா? உங்கள் ஊர் நாயாற்றில் மாட்டுக்கும் குறைவில்லை. தலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, "எங்கட" வந்த பிறகு, கரைவலை இழுக்கிற பாடுதான் என்று பிடித்துக்கொள்கிறது. அதற்குள் சின்னவன் போய்விட்டான். வருவானா மாட்டானா என்பது நம் பேச்சில் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசியைத்தான் நீ வாய்க்குள் விழுங்குகிறாய்! அப்பா "ஆர் வாறான்?" என்கிறார். நீ "இப்பதானே சொன்னனான்" என்று பாய்கிறாய்.

கேட்டதைச் சில நொடி கையில் வைத்துக்கொண்டே அதில் வேலையும் செய்கிற நினைவு ஒன்று உண்டு. அதன் கொள்ளளவு எல்லாருக்கும் சின்னது, வயசோடு இன்னும் சுருங்கும். ஓட்டை வள்ளத்தில் தண்ணி இறைக்கவே ஆட்கள் போய்விட்டால் வலை இழுக்க ஆள் ஏது? சொல்லை ஊகிக்கவே அந்த நினைவு செலவாகிவிட்டால் கதையைப் பிடித்து வைக்க மிச்சம் இருக்காது. பின்னேரத்தில் அவர் களைத்துப்போய்ப் பேசாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

"ரீவிச் செய்தி விளங்குது, இறால் விலை சொன்னா உடனே கேக்குது, நான் கதைச்சா மட்டும் விளங்காதோ?" என்று அடுத்துக் கேட்பாய். செய்தி வாசிப்பவர் ஒரு ஆள், தெளிவாக, முகத்தைக் காட்டிக்கொண்டு வாசிக்கிறார். இறால் விலையோ, அவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம். பாதிச் சொல் விழுந்தாலும் மீதியைப் பழைய அறிவு நிரப்பிவிடும். மீன்பிடிப் பருவத்துக்கு வருகிற நீர்கொழும்பு, சிலாபத்து ஆட்களோடு முன்பு சிங்களத்தில் பகிடி விட்டவர் இப்போது ஒதுங்குகிறார் என்றாயே, அதுவும் இதே கணக்குத்தான். இரண்டாம் மொழியில் நிரப்பிக்கொள்ளக் கையிருப்புக் குறைவு.

இது நான் கட்டிய கதை இல்லை. சுவீடனில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தின் யெர்க்கர் ரொன்பெர்க் என்பவர் பல வருஷமாக இதையே ஆராய்ந்தவர். இந்த ஆய்வாளர்கள் வைக்கும் சோதனை ஒன்றில் வசனங்களை வரிசையாக வாசிக்க வேண்டும், ஒவ்வொன்றும் பொருளுள்ளதா என்று சொல்ல வேண்டும், பிறகு அவற்றில் வந்த சொற்களை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். கண்ணால் செய்யும் சோதனை, காதுக்கு அதில் வேலையே இல்லை. ஆனாலும் அதில் நன்றாகச் செய்கிறவர்கள் இரைச்சலுக்குள் மிசினோடு பேச்சையும் கூடுதலாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று தோமஸ் லுன்னர் என்ற ஆய்வாளர் 2003 இல் எழுதினார்.

மிசின் மெல்லிய சத்தத்தைக் கூடவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் ஏற்றும். அதை வேகமாகவும் செய்யலாம், ஆறுதலாகவும் செய்யலாம். வேகமாகச் செய்தால் மெல்லிய மெய்யெழுத்துகள் மேலே வரும், ஆனால் பேச்சின் உருவம் மாறும். அந்த மாறிய உருவத்தைச் சமாளிக்க நினைவுபலம் வேண்டும். அது குறைந்தவர்களுக்கு ஆறுதலான முறை பொருந்தலாம் என்று கிளாஸ்கோவில் கேட்ஹவுஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லவில்லை. ஆனாலும் ஓடியோலொஜிஸ்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. "இதைவிட விலை கூடின மிசின் இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு நிற்காதே.

இனி உன் குற்றப்பத்திரிகை. கத்துகிறாய். கத்தும்போது ஏறுவது பெரும்பாலும் உயிரெழுத்து, அவருக்குத் தேவைப்படுவது மெய்யெழுத்து. விளங்கவில்லை என்றால் அதே வசனத்தை அதே மாதிரி மூன்று முறை சொல்கிறாய், சொல்லை மாற்றிச் சொல்ல உனக்கு என்ன குறை? எஞ்சினை நிறுத்தாமல் முதுகுப் பக்கமிருந்து கூப்பிடுகிறாய். எல்லாவற்றையும்விட, "நான் இப்ப என்ன சொன்னனான், சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சை வைக்கிறாய் பார், அதை இன்றோடு நிறுத்து. அவர் முன்னால் போய் நில். "பாட்டைப் பற்றி" என்று முதலில் விஷயத்தைச் சொல், பிறகு ஒரு வசனம், ஒரு மூச்சு, அடுத்த வசனம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆள் கதைத்து முடிய மற்ற ஆள் கதையுங்கள். மிசினை நாள்தோறும் போட வேண்டும், தலை பழகக் கிழமைகள் எடுக்கும். பெட்டிக்குள் கிடக்கிற மிசினுக்கு யாரும் பழக முடியாது.

"அப்ப இது மறதி வருத்தம்தானோ?" அவசரப்படாதே. நினைவுச் சோதனைக் கேள்விகளைப் பெரும்பாலும் வாயால்தான் கேட்பார்கள். கேள்வியே விழாதவர் புள்ளி குறைவாகத்தான் எடுப்பார். ஆகவே மிசினைப் போட்டுக்கொண்டு போகவேணும். மிசின் போட்டால் மறதியே வராது என்று யாரும் விற்க வந்தால் அதையும் நம்பாதே. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை 3 வருஷம் பார்த்து 2023 இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தக் கூட்டத்தில் மிசின் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் கூடிய பகுதியினரில் மட்டும் அறிவாற்றல் குறைகிற வேகம் 48 சதவீதம் தணிந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் உத்தரவாதம் இல்லை.

சாமான் வைத்த இடம், போகிற பாதை, தெரிந்த முகம் என்று காதோடு தொடர்பில்லாதவற்றையும் அவர் மறக்கிறார் என்றால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் காட்டு. அப்படி ஒன்றும் நீ எழுதவில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அடுத்த முறை போகும்போது, எந்த இடத்தில், யாருடைய பேச்சு விளங்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. அதை அப்பாவிடமே கேட்டு எழுது. கேட்கும்போது அவர் முகத்துக்கு நேரே இரு.

அன்புடன்,
மாமா